ஏற்றுவது இருக்கட்டும், இறக்கத் தெரியுமா?

ஏனாத்தூர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு, வீட்டுப் பட்டுச் சேலைகளை இணையக் கடைகளில் விற்கக் கிளம்பியிருக்கும் நெசவாளர் வீட்டுத் தம்பி தங்கைகளுக்கு,

"அக்கா, எக்செல்லில் மொத்தமா ஏத்தறதா, ஒண்ணொண்ணா ஏத்தறதா, இல்ல வெப்சைட் போட்டு அதுலேருந்து தானா போக விட்டுடறதா?" இந்த ஆடியில் மட்டும் இந்தக் கேள்வி பத்துத் தடவையாவது என்னிடம் வந்துவிட்டது. ஏனாத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒருமுறை, காமாட்சியம்மன் கோயில் வரிசையில் ஒருமுறை, மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில், இரவு பதினோரு மணிக்கு மேல். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். நான் ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படித்தேன். இப்போது ஆறேழு வீடுகளின் சேலைகளையும் ஒரு சின்னக் கடையின் சரக்கையும் இணையத்தில் ஏற்றிக் கொடுப்பதே என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கேள்வி தலைகீழாக நிற்கிறது. சேலையை எப்படி ஏற்றுவது என்று கேட்கிறீர்கள். விற்றுப்போன சேலையை எத்தனை நிமிடத்தில் இறக்குவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் ஏற்றும் வழி தானாக முடிவாகிவிடும்.

இணையக் கடைகளின் படிவங்களெல்லாம் ஆலைச் சரக்கை மனத்தில் வைத்துச் செய்தவை. ஒரு படம், ஒரு விலை, இருப்பு நானூறு. ஒன்று விற்றால் 399. கணக்கில் ஒன்றிரண்டு பிசகினாலும் குடி முழுகாது. நம் வீட்டுப் பீரோவில் அப்படியா? ஒவ்வொரு சேலைக்கும் இருப்பு ஒன்று. அது போனால் பூஜ்யம். ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் தவறு செய்ய இடமே கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஓரிக்கையில் ஒரு வீட்டுச் சேலை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, இரண்டையும் சேர்த்து நெய்த கோர்வை. மூன்று தளங்களில் ஏற்றியிருந்தேன், வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த குடும்பம், வீட்டுத் திண்ணையிலேயே அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டுப் பெரியம்மா சந்தோஷத்தில் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். நான் உத்திரமேரூரில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அதே சேலைக்குப் பணம் கட்டினாள். மறுநாள் காலை இன்னொரு தளத்தில் பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர். ஒரு சேலை, மூன்று மணப்பெண்கள்.

மறுபடி நெய்து கொடுத்துவிடலாமே என்பீர்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, தறியில் இரண்டு பேர். புதுப் பாவு ஏற்ற வேண்டும். சாயக்காரரிடம் போய் அதே அரக்கு என்று சொன்னால் அதே அரக்கு வருமா? பக்கத்து வீட்டு அரக்குதான் வரும். இரண்டு ஆர்டரையும் ரத்து செய்தேன். பணம் திரும்பிப் போனது. ஆனால் விற்பவரே ரத்து செய்தால் தளங்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த வீட்டுச் சேலைகள் தேடலில் பின்னால் போய் விழுந்தன. மேலே வர ஐந்து மாதம் ஆயிற்று, நடுவில் ஆவணி முகூர்த்தமெல்லாம் கழிந்துவிட்டது.

இனி ஏற்றும் வழிகளுக்கு வருவோம்.

படிவத்தைத் திறந்து ஒவ்வொன்றாக நிரப்புவதை மட்டமாக நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முப்பது சேலைக்குள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பதினைந்து நிமிஷமும் அந்தச் சேலையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுவீர்கள். முந்தியில் எத்தனை வரிசை யாளி, புட்டா எத்தனை விரற்கடை இடைவெளியில் விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் இதே ஜாதிதான். 500 பொருள் வரை ஏற்றலாம், விற்றதைப் போனிலேயே மறைத்துவிடலாம். முதல் வருஷம் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றுகூடச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள்.

அடுத்தது எக்செல் டெம்ப்ளேட். ஐம்பது, நூறு என்று சேலை சேர்ந்துவிட்ட வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் இது உதவும். தளத்துக்குத் தளம் டெம்ப்ளேட் வேறு, கட்டாயக் கட்டங்கள் வேறு. ஒன்றில் செல்லுபடியாகும் சொல் இன்னொன்றில் செல்லாது. அதனால் அவர்கள் டெம்ப்ளேட்டில் நேரே எழுத ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு மூலத் தாள் வையுங்கள். சேலை எண், பாவு நிறம், ஊடை நிறம், கரை, முந்தி, கோர்வையா இல்லையா, எடை, நீளம், அடக்க விலை, விற்கும் விலை, இப்போது எங்கே இருக்கிறது, எல்லாம் அதில். அங்கிருந்துதான் ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் போக வேண்டும். சேலை எண்ணை ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். விற்றுப்போன சேலையின் எண்ணைப் புதுச் சேலைக்குத் தூக்கி வைத்தீர்களானால் பழைய படமும் பழைய மதிப்புரையும் பேயாக வந்து அதன்மேல் உட்காரும்.

எக்செல் நமக்குச் செய்கிற குறும்புகள் கொஞ்சநஞ்சமல்ல. 007 என்று எண் கொடுத்தால் சுழியங்களை விழுங்கிவிட்டு 7 என்று காட்டும். 3-5 என்று எழுதினால் தேதியாக்கிவிடும். யு.டி.எஃப்-8 ஆகச் சேமிக்காமல் விட்டால் தமிழில் எழுதியதெல்லாம் கேள்விக்குறிகளாக மாறும். அப்பா காலத்துப் பட்டியலைப் பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருப்பார்கள், அதை அப்படியே ஒட்டினால் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போய் விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

விலைக் கட்டத்தில் காற்புள்ளி போடாதீர்கள். இதை நான் தண்டனையோடு கற்றுக்கொண்டேன். தெரிந்த ஒருவரின் சொந்த வெப்சைட்டுக்கு, பில் போடும் மென்பொருளிலிருந்து எடுத்த சி.எஸ்.வி. கோப்பை அப்படியே ஏற்றினேன். சி.எஸ்.வி.யில் கட்டத்தைப் பிரிப்பதே காற்புள்ளிதான். 18,500 என்றிருந்த விலையில் 18 விலைக் கட்டத்திலும் 500 அடுத்த கட்டத்திலும் போய் உட்கார்ந்தது. அடுத்த கட்டம் என்ன தெரியுமா? இருப்பு. ஆக, கோர்வைப் பட்டு 18 ரூபாய், கைவசம் 500 சேலை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாலு பேர் வாங்கிவிட்டார்கள். ஒருவர் பன்னிரண்டு கேட்டிருந்தார்.

ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டையைத் தப்பாகக் குத்திக் கோத்துவிட்டால், அந்தக் குறை ஒரு பூவோடு நிற்காது, முந்தி முழுக்க ஒவ்வொரு பூவிலும் வரும் என்று அப்பா சொல்வார். மொத்தமாக ஏற்றும் கோப்பும் அதே மாதிரி. முதலில் மூன்று வரியை மட்டும் ஏற்றி, வாங்குகிறவர் கண்ணோடு போனில் திறந்து பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். படம் கேட்கும் இடத்தில் பல டெம்ப்ளேட்டுகள் படத்தைக் கேட்பதில்லை, படம் இருக்கும் இணைய முகவரியைக் கேட்கின்றன. கூகுள் டிரைவில் பகிர்ந்த லிங்க்கை ஒட்டிவிட்டு, "படம் வரலையே அக்கா" என்று வருகிறீர்கள். அந்த லிங்க் படத்தைத் திறக்காது, படம் இருக்கும் பக்கத்தைத்தான் திறக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் ஏற்றாதீர்கள். அது வழியிலேயே சுருங்கிச் சரிகையின் மினுக்கைத் தொலைத்துவிட்டு வந்திருக்கும்.

மூன்றாவது வழி, சொந்த வெப்சைட். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் என்று எதையாவது போட்டு, அதிலிருந்து ஃபீட் எனப்படும் கோப்பை கூகுள் மெர்ச்சன்ட் சென்டரும் மெட்டாவின் கேட்டலாக்கும் தாமாகவே வந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வது. ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதால் இதை எல்லோரும் சொர்க்கம் என்கிறார்கள். பாதி சொர்க்கம். நாளுக்கு ஒருமுறை வந்து எடுக்கும்படி வைத்தால், காலையில் விற்ற சேலை மறுநாள் காலை வரை தேடலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். ஆனால் ஒரு நல்லது: அங்கிருந்து கிளிக் செய்து வருகிறவர் உங்கள் வெப்சைட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே 'விற்றுவிட்டது' என்று இருந்தால் வருத்தப்படுவார், பணம் கட்டி ஏமாற மாட்டார். ரத்துக் கணக்கு ஏறாது. மெர்ச்சன்ட் சென்டரில் கண்டுகொள்ளாமல் விட்ட பொருள் 30 நாளில் காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பார்கோடு எண் கேட்டால் திகைக்க வேண்டாம். கைத்தறிச் சேலைக்கு அப்படி எண் கிடையாது, கிடையாது என்று சொல்வதற்கே ஒரு கட்டம் இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு பதின்மூன்று இலக்க எண்ணைக் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

நாலாவது ஏ.பி.ஐ. இரண்டு மென்பொருள்கள் மனுஷர் தலையீடில்லாமல் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. கவுன்டரில் பில் விழுந்த நொடியில் எல்லாத் தளங்களிலும் இருப்பு பூஜ்யமாகும். காந்தி ரோட்டில் நாளுக்கு நூறு பில் போடும் கடைக்கு இது இல்லாமல் ஆகாது. நாலு தறி வைத்திருக்கும் வீட்டுக்கு? புரோகிராம் எழுதிக் கொடுத்த பையன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விடுவான். ஆறு மாதத்தில் தளம் தன் விதியை மாற்றும், அப்புறம் அந்தக் கயிறு அறுந்ததே உங்களுக்குத் தெரியாது. உங்களில் இரண்டு பேர் இறுதியாண்டு புராஜெக்டாக இதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், மார்க் வாங்குங்கள். வீட்டுச் சேலையை அதில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

ஓ.என்.டி.சி. பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது கடையல்ல, வலைப்பின்னல். விற்பவர் பக்கத்துச் செயலி ஒன்றின் வழியாக ஒருமுறை பட்டியல் ஏற்றினால் வாங்குபவர் பக்கத்துச் செயலிகள் பலவற்றில் தெரியும். இருப்பு ஒரே இடத்தில் நிற்பதால் நம் மாதிரி ஒற்றைச் சேலைக்காரர்களுக்கு யோசனை நல்லதுதான். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியாஹேண்ட்மேட் தளம் கமிஷன் வாங்குவதில்லை. இரண்டிலும் ஒரு காலை வைத்துப் பாருங்கள்.

சரி, ஏ.பி.ஐ. இல்லாத வீட்டுக்கு ஒரு சேலை மூன்று இடத்தில் விற்காமல் இருக்க என்ன வழி? நான் கண்டுபிடித்தது இதுதான். சிரிக்காதீர்கள். ஒரு சேலையை ஒரு தளத்துக்கு மேல் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். இந்த எட்டு இங்கே, அந்த ஆறு அங்கே. எந்தத் தளமோ அதற்கு ஒரு நிற நூல். பாவில் மிஞ்சிய நூல்தான், காசில்லை. மடித்த சேலையின் மூலையில் அந்த நூலைச் சுற்றி, சேலை எண் எழுதிய துண்டுச் சீட்டோடு முடிந்து வைத்தாயிற்று. திண்ணையில் யாருக்காவது சேலையைக் கொடுத்தால், வீட்டில் யாராக இருந்தாலும் அந்த நூலைச் சீட்டோடு அவிழ்த்துப் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். பச்சை நூல் என்றால் பச்சைத் தளத்தில் இறக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைத் தவறவிட்டதில்லை. வேலூர்க் கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஓரிக்கை வீட்டில் ஒரு ரத்துகூட இல்லை.

இனி, கட்டங்களில் என்ன எழுதுவது. வழியை விட இதுவே பெரிய தலைவலி.

நிறம் என்று ஒரு கட்டம் இருக்கும். திறந்தால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பத்துப் பதினைந்து. நம் ஊரிலோ அரக்கு, கனகாம்பரம், கத்தரிப்பூ, வெங்காயச்சருகு, கிளிப்பச்சை, பாக்கு. நம் ஊர்ப் பட்டுக்காரர் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகச் சாயம் பிடித்த நீலத்துக்கு எம்.எஸ். புளூ என்றே பெயர் நின்றுவிட்டது. மயில்கழுத்துக்கு என்ன செய்வீர்கள்? பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், திருப்பினால் நீலம், நிமிர்த்தினால் பச்சை. கூகுளின் கட்டத்தில் சாய்கோடு போட்டு மூன்று நிறம் வரை எழுத இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு மேல் எழுத விடாத தளத்தில், வெளிச்சத்தில் எது முந்தித் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தலைப்பிலும் விளக்கத்திலும் நம் பெயரை நம் பெயராகவே எழுதுங்கள். 'மயில்கழுத்து' என்று தட்டித் தேடுகிற அத்தை சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் நீலம் என்று தேட மாட்டார்.

'காஞ்சிபுரம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு லிச்சி சில்க், சாஃப்ட் சில்க் என்று வரிசை வரிசையாக வரும், எல்லாவற்றின் தலையிலும் நம் ஊர்ப் பெயர். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வந்ததே, என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அதனால்தான் காலிக் கட்டம் விடாதீர்கள் என்கிறேன். போலிக்காரர் நிரப்ப முடியாத கட்டங்கள் நமக்கு இருக்கின்றன. கைத்தறி முத்திரை, சில்க் மார்க் சீட்டின் படம். உடலும் கரையும் சேரும் கோர்வையின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்த படம். முந்தி சேரும் இடத்தில் பெட்னி விழுந்த கோடு. கிராம் கணக்கில் எடை. ஆனால் புவிசார் குறியீட்டு முத்திரையைப் போட, அதற்கான பதிவேட்டில் உரிமம் பெற்ற பயனராக நீங்களோ உங்கள் நெசவாளர் சங்கமோ இருக்க வேண்டும். இல்லாமல் போட்டால் நாமும் அந்த லிச்சி வரிசையில்தான்.

வரிக் கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டுத் துணிக்கு எச்.எஸ்.என். 5007, ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தயாரான நாடு என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. ஜி.எஸ்.டி. எண் இல்லாதவர்களும் 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தளங்களில் விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும், அதற்கென ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு. பெங்களூர் ஆர்டர் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. எண் வேண்டும். அடுத்து விலைக் கட்டம். அதைச் சரிகை ஆட்டுகிறது. வெள்ளி விலை ஏறுகிற வாரத்தில் சரிகை விலையும் ஏறும், அடுத்த சேலைக்கு அடக்கமே கூடும். விலையை மாற்றும்போது மூலத் தாளில் முதலில் மாற்றுங்கள்.

ஒரு விஷயம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்களில் சிலர் அனுப்பிய படங்களில் இருக்கும் சேலை உங்களுடையதல்ல. அப்பா கூலிக்கு நெய்வது. பாவும் சரிகையும் முதலாளி கொடுத்தது, அல்லது சங்கம் கொடுத்தது. அறுத்தவுடன் அங்கே போய்விடும். தறியில் இருக்கும்போதே படம் எடுத்து ஏற்றி, ஆர்டர் வந்தால் கடையில் வாங்கி அனுப்பிக்கொள்ளலாம் என்று ஒரு தம்பி கணக்குப் போட்டிருந்தான். கையில் இல்லாத சேலைக்கு எந்த நிற நூலைச் சுற்றுவாய், தம்பி? அப்பாவுக்குத் தறி வேலை போய்விட்டால் உன் லிஸ்டிங் சோறு போடுமா? சங்கத்தில் நெய்கிற வீடென்றால், சங்கத்துச் சரக்கைச் சங்கத்தின் பெயரிலேயே ஏற்றிக் கொடுக்க வருகிறேன் என்று போய்க் கேள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸே இன்று இணையத்தில் விற்கிறது. பட்டியல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் சங்கங்களுக்கும் தேவைப்படுவார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். வருகிறவர்கள் லேப்டாப் கொண்டுவர வேண்டாம். விற்பதற்கென்று வீட்டில் சொந்தமாக எத்தனை சேலை இருக்கிறது என்று எண்ணி, எடை போட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாலைந்து நிறத்தில் மிஞ்சின நூல், மூடி இறுக்கமாக இருக்கிற ஒரு டப்பா. பாட்டியையும் அழைத்துவந்தால் நல்லது. நூலை அவிழ்க்கப் போவது அவர்தான்.

அன்புடன்,
ஏனாத்தூரிலிருந்து உங்கள் அக்கா